பதினாறாவது பெயர்: 2023 கல்லூரி ஐஸ் ஹாக்கி கணிப்பில் எங்கே சறுக்கினோம்

பின்னணி

ஹாக்கி என்றால் நமக்குப் புல்தரையும் வளைந்த மட்டையும்தான் நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்போவது பனித்தளத்தில் ஆடும் ஐஸ் ஹாக்கி. அமெரிக்காவில் கல்லூரி ஆண்கள் முதல் பிரிவில் 60க்கு மேற்பட்ட அணிகள் உண்டு. அக்டோபரில் ஆடத் தொடங்குவார்கள். மார்ச் கடைசியில் 16 அணிகள் மட்டும் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ நடத்தும் தேசியப் போட்டிக்குப் போகும். 2003 முதல் இந்த எண்ணிக்கைதான். அதற்கு முன் 12.

பதினாறில் 6 இடம் ஆறு லீகுகளின் கோப்பையை வெல்லும் அணிகளுக்கு நேரடியாகப் போய்விடும். மீதி 10 இடத்துக்குத் தரவரிசை. கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு குழு உட்கார்ந்து வாதாடி அணிகளைப் பொறுக்கும். ஹாக்கியிலும் குழு உண்டு, ஆனால் அது சூத்திரத்தைத் தாண்டிப் போவதில்லை. 2024–25 பருவம்வரை இருந்த அந்தச் சூத்திரத்தை வெளியிலிருந்து அப்படியே போட்டுப் பார்ப்பதற்குப் பெயர் பேர்வைஸ். ஒவ்வொரு அணியையும் மற்ற ஒவ்வொரு அணியோடும் நிறுத்தி, நேருக்கு நேர் ஆடியதில் யார் மேல், பொதுவான எதிரிகளிடம் யார் மேல், ஆர்பிஐ மதிப்பெண்ணில் யார் மேல் என்று பார்த்தார்கள். ஆர்பிஐ என்பதில் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், எதிரிகளின் விகிதத்துக்கு 21, எதிரிகளின் எதிரிகளுக்கு 54. வெளியூர் வெற்றிக்கு 1.2 மடங்கு, உள்ளூர் வெற்றிக்கு 0.8. முதல் 20 இடத்தில் உள்ள அணியை வீழ்த்தினால் தனி ஊக்கப்புள்ளி.

ஆக, எல்லா ஆட்டமும் முடிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வருவதற்குள் 16 பெயரும் கணக்கு போடத் தெரிந்த எவருக்கும் தெரிந்துவிடும். ஐபிஎல் கடைசி வாரத்தில் நாம் ரன் ரேட்டை வைத்துக்கொண்டு 'அவன் தோத்தா, இவன் ஜெயிச்சா' என்று போடும் கணக்குதான் இது. நிச்சயமின்மை முழுக்க இன்னும் ஆடாத ஆட்டங்களில்தான் இருக்கிறது. இந்த ஆய்வில் நாங்கள் கோட்டை விட்டதும் அந்த இடத்தில்தான்.

யார், என்ன வேலை

மினசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் ஒரு நகரம். அங்கே ஒரு சமூக வானொலியில் சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேர விளையாட்டு நிகழ்ச்சி. பருவத்தின் கடைசி ஆறு வாரம் 'யார் உள்ளே' என்ற பட்டியலை அதற்குத் தருவது எங்கள் வேலை. மூன்று பேர்: புள்ளியியல் ஆய்வு மாணவி ஒருவர், ஐம்பது வருடமாக ஹாக்கி பார்க்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், முடிவுகளைக் கணினித் தாளில் ஏற்றும் நான். சம்பளம் கிடையாது. நிகழ்ச்சி நடத்துபவர் கேட்டது ஒன்றே ஒன்று: 16 பெயர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'உறுதி' அல்லது 'வாய்ப்பு' என்று ஒரு சொல். சதவீதம் வேண்டாம், கேட்பவர்களுக்குக் குழப்பம் என்றார். நாங்களும் தலையாட்டிவிட்டோம்.

வெற்றி வாய்ப்பைக் கணிக்க கிராக் என்ற மதிப்பெண் முறையைப் பயன்படுத்தினோம். ஒரு அணிக்கு 300, எதிரணிக்கு 100 என்றால் நான்கு ஆட்டத்தில் மூன்றை முதல் அணி வெல்லும் என்று பொருள். அவ்வளவு எளிமையான முறை. பேர்வைஸ் இதைப் பயன்படுத்தவில்லை; ஆனால் அடுத்த ஆட்டத்தை யார் வெல்வார்கள் என்று பார்க்க ஆர்பிஐயைவிட இது நம்பகமானது என்பது மாணவியின் கருத்து. எனக்கும் அதில் மறுப்பில்லை.

அலாஸ்கா ஏன் தனிக் கதை

அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஃபேர்பேங்க்ஸ் அணி அந்தப் பருவத்தில் எந்த லீகிலும் இல்லை. அது ஆடிவந்த பழைய டபிள்யூசிஎச்ஏ ஆண்கள் லீகிலிருந்து ஏழு அணிகள் பிரிந்து சிசிஎச்ஏ என்ற பெயரில் புது லீக் தொடங்கின. 2021இல் பழையது கலைந்துபோனது. அலாஸ்கா அணி தனியாக நின்றது. லீக் இல்லையென்றால் லீக் கோப்பை இல்லை, நேரடி இடமும் இல்லை. தரவரிசை வழி ஒன்றுதான்.

அந்த வழியில் தனி அணி உள்ளே போவது அபூர்வம். 1992இல் அலாஸ்காவின் ஆங்கரேஜ் அணி போனது, அதற்குப் பிறகு 2019இல் அரிசோனா ஸ்டேட். நடுவில் யாருமில்லை. ஃபேர்பேங்க்ஸ் அணி 2010இல் தேசியப் போட்டியில் ஆடியிருந்தது, ஆனால் தகுதியில்லாத வீரர்கள் ஆடிய விவகாரத்தில் அந்த ஆண்டுகளின் வெற்றிகள் பிறகு ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன. 2022–23இல் 22 வெற்றி, 10 தோல்வி, 2 சமன் என்று முடித்துவிட்டு, மற்ற அணிகள் லீக் கோப்பைக்கு ஆடுவதை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழன் வரை

மார்ச் 16 வியாழன் இரவு எங்கள் தாளில் அலாஸ்கா, உள்ளே வெளியே என்று பிரிக்கும் கோட்டுக்குச் சற்று மேலே. கவலைப்பட ஒரே ஒரு விஷயம்தான் என்று நினைத்தோம்: மங்கேட்டோ நகரில் சனிக்கிழமை நடக்கவிருந்த சிசிஎச்ஏ இறுதி ஆட்டம். மினசோட்டா ஸ்டேட்டோடு மோதவிருந்த நார்தர்ன் மிச்சிகன் தரவரிசையில் கீழே இருந்தது. அது வென்றால் நேரடி இடத்தைப் பிடித்து, வரிசையில் கடைசியாக நிற்கும் அணியை வெளியே தள்ளும்.

அட்லாண்டிக் லீகில் யார் வென்றாலும் வரிசைக்கு வெளியே இருந்து வருபவர்தான். அதற்கு ஓர் இடம் ஏற்கனவே கழித்தாகிவிட்டது. அதனால் மற்ற ஐந்து லீகிலும் மேல்வரிசை அணியே வென்றால் பதினைந்தாவது இடம்வரை உள்ளே. வெளியாள் ஒவ்வொருவர் வெல்லும்போதும் கோடு ஒரு படி மேலே ஏறும்.

வெள்ளி இரவு

இரண்டு லீக் அரையிறுதி ஆட்டம் எங்கள் தாளைப் புரட்டிப்போட்டது. செயின்ட் பாலில் கொலராடோ காலேஜ் 1–0 என்று டென்வரை வீழ்த்தியது. வென்றதைவிடத் தோற்றது அதிகமாக இருந்த அணி அது. டென்வரோ முந்தைய ஆண்டின் தேசிய சாம்பியன். லேக் ப்ளாசிடில், வரிசைக்கு வெளியே இருந்த கோல்கேட் இரண்டாவது கூடுதல் நேரம்வரை இழுத்து மேல்வரிசை அணியான குவின்னிபியாக்கை வென்றது. (பற்பசையில் இருக்கும் அதே குடும்பப் பெயர்தான்; பல்கலைக்கழகத்துக்கும் அவர்கள் பெயரையே வைத்தார்கள்.)

ஒரே இரவில் 'வெளியாள்' கணக்கு ஒன்றிலிருந்து மூன்றானது. கோல்கேட் இனி ஹார்வர்டோடு, கொலராடோ காலேஜ் செயின்ட் கிளவுட் ஸ்டேட்டோடு, நார்தர்ன் மிச்சிகன் மினசோட்டா ஸ்டேட்டோடு. மூன்று இறுதி ஆட்டமும் சனிக்கிழமை.

சனி காலை: தாளில் கண்டது

காலை எட்டரைக்கு நான் பட்டியலைத் திறந்தபோது ஒரு விநோதம். நேற்று 14இல் இருந்த அணி 15இல் இருந்தது, அலாஸ்கா ஒரு படி மேலே ஏறியிருந்தது. ஆடாத அணி ஏறுவது பெரிய அதிசயமில்லை. மற்றவர்கள் ஆடினால் எதிரிகளின் விகிதம் மாறும். ஆனால் ஏற்றம் சந்தேகப்படும்படி இருந்தது.

ஒன்றே கால் மணி நேரம் தேடினோம். காரணம் கூடுதல் நேர நெடுவரிசை. சாதாரணப் பருவ ஆட்டம் சமனில் நின்றால் ஐந்து நிமிடம் மூன்று பேருக்கு மூன்று பேர் ஆடுவார்கள். அதில் வரும் வெற்றி தரவரிசையில் முழு வெற்றியாகச் சேராது. லீக் கோப்பை ஆட்டத்தில் அப்படி இல்லை. முழு அணியோடு இருபது நிமிடக் கட்டம், கோல் விழும்வரை; அது முழு வெற்றி. நான் வெள்ளி இரவு கோல்கேட் முடிவைப் பதிந்தபோது வழக்கம்போல் 'கூ.நே.' என்று போட்டிருந்தேன். தாள் அதை அரைகுறை வெற்றியாக எடுத்துக்கொண்டது. ஒரு கட்டத்தில் இருந்த ஒரு குறி, நான்காவது தசமத்தில் கொஞ்சம் ஆட்டம், அதனால் இரண்டு அணி இடம் மாறிவிட்டது. திருத்தியதும் அலாஸ்கா பழையபடி 15இல்.

பத்தேகால் ஆகியிருந்தது. பதினொன்றுக்குப் பட்டியல் போக வேண்டும்.

எடுத்த முடிவு, அதன் காரணம்

அன்று ஆறு இறுதி ஆட்டம். ஆக மொத்தம் 64 விதமாக நாள் முடியலாம். அட்லாண்டிக் ஆட்டத்தில் யார் வென்றாலும் ஒன்றுதான், அதற்கு கனீஷியஸ் பெயரை எழுதிவைத்தோம். பிக் டென் லீக் இறுதியில் மோதிய மிச்சிகனும் மினசோட்டாவும் எப்படியும் உள்ளே. ஹாக்கி ஈஸ்ட் லீக் இறுதி வரிசையின் நடுவைக் கொஞ்சம் கலைக்கும், அவ்வளவே. உண்மையில் பார்க்க வேண்டியது மூன்று ஆட்டம், எட்டு விதம். எட்டு வரி எழுதிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நாங்கள் எழுதவில்லை.

எழுதாததற்குக் காரணம் எட்டையும் ஏற்கனவே பார்த்துவிட்டதாக நினைத்ததுதான். ஹார்வர்ட் வெல்லும் வாய்ப்பு அதிகம், சரி. செயின்ட் கிளவுட் வெல்லும் வாய்ப்பு அதிகம், சரி. மினசோட்டா ஸ்டேட் சொந்த மைதானத்தில், சரி. மூன்றுக்கும் தனித்தனியாக ஒரு டிக். ஆசிரியர் மட்டும் தொலைபேசியில் கேட்டார்: "மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டுமா, அல்லது ஒன்று நடந்தால் போதுமா?" சேர்ந்துதான் என்றேன். "அப்படியானால் 'உறுதி' என்று போடாதீர்கள்." மாணவி யோசித்தார். வாய்ப்பு என்று போட்டால் நிகழ்ச்சி நடத்துபவர் அலாஸ்காவையும், உண்மையிலேயே ஆட்டம் காணும் வேறு யாரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவார், அதுவும் தப்பாகும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. தவிர, ஃபேர்பேங்க்ஸ் அணி உள்ளே போக வேண்டும் என்று எங்கள் மூவருக்குமே ஆசை. அதைக் காரணங்களில் சேர்க்காமல் விட்டால் இந்த ஆய்வு நேர்மையாக இருக்காது.

10.50க்கு பட்டியலை அனுப்பினேன். பதினாறாவது வரி: அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ், உறுதி.

சனி மாலை

செயின்ட் கிளவுட் ஸ்டேட் 3–0 என்று கொலராடோ காலேஜை அடக்கியது. மங்கேட்டோவில் மினசோட்டா ஸ்டேட் கூடுதல் நேரத்தில் 3–2. (அதே மைதானத்தில் அதே கோப்பைக்கு 2022இல் நடந்தது ஒரு தனிக் கூத்து: கோப்பையைத் தூக்கிக் கொண்டாடி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபின், பந்துவட்டு வலையின் ஓரத்துக்கு அடியில் நுழைந்திருக்கிறது என்று மறுஒளிபரப்பில் தெரிந்து, இரண்டு அணியையும் திரும்பக் கூப்பிட்டு ஆட வைத்தார்கள். அதனால் அந்த ஊர்க் கூடுதல் நேர முடிவை நான் உடனே பதிவதில்லை.)

லேக் ப்ளாசிடில், 1980 ஒலிம்பிக்கில் அமெரிக்க மாணவர் அணி சோவியத் அணியை 4–3 என்று தோற்கடித்த அதே அரங்கில், கோல்கேட் 3–2 என்று ஹார்வர்டை வென்றது.

மூன்றில் இரண்டு நாங்கள் சொன்னபடியே நடந்தன. ஒன்று போதாமல் போனது. பதினைந்தாவது இடத்திலிருந்த அலாஸ்கா வெளியே நின்ற முதல் அணியானது. ஞாயிறு அறிவிப்பில் வந்த 16 பெயரில் 15 எங்கள் பட்டியலில் இருந்தவை. அலாஸ்கா இருந்த இடத்தில் கோல்கேட்.

திங்கட்கிழமைத் தொலைபேசி

வானொலி நிலையத்தில் எங்களைப் பாராட்டினார்கள். 16இல் 15 என்றால் நல்ல மதிப்பெண்தானே. எங்களுக்கும் அந்த ஞாயிறு இரவு கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஒரு நேயர் அழைத்தார். ஃபேர்பேங்க்ஸில் வளர்ந்தவர், இப்போது எங்கள் ஊரில் இரவுப் பணி பார்ப்பவர். சனி மதியம் 'உறுதி' என்று கேட்டதும், அடுத்த வார இறுதி மண்டலப் போட்டிக்கு எங்கே என்றாலும் காரில் போய்விடலாம் என்று சகபணியாளர் ஒருவரிடம் கெஞ்சி இரண்டு இரவை மாற்றிக்கொண்டாராம். பதிலுக்கு ஈஸ்டர் வார இறுதி இரவுகளைத் தான் ஏற்றுக்கொண்டிருக்கிறார். கோபமாகப் பேசவில்லை. "கோல்கேட் தோற்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தால் அந்த ஆட்டத்தையாவது பார்த்திருப்பேன்" என்றார்.

16க்கு 15 என்ற மதிப்பெண்ணில் இது எங்கேயும் தெரியாது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. அந்த வரியில்தான் தவறு.

திரும்பப் பார்த்தபோது

மறுவாரம் எட்டு வரியையும் எழுதினோம். எளிமைக்காக மூன்று மேல்வரிசை அணிக்கும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டோம். மூன்றும் வெல்வது 27இல் 8. சுமார் 30 சதவீதம். 'உறுதி' என்று நாங்கள் எழுதிய அணி உள்ளே போக, பத்தில் மூன்று வாய்ப்புகூடச் சரியாக இல்லை.

அடுத்து வந்ததுதான் எனக்குச் சுவாரசியம். அப்படியானால் பதினாறாவது வரியில் யார் பெயரைப் போட்டிருக்க வேண்டும்? கோல்கேட்டுக்கு அதே கணக்கில் 33 சதவீதம், கொலராடோ காலேஜுக்கும் நார்தர்ன் மிச்சிகனுக்கும் அதே. ஏறக்குறைய சமம். மேல்வரிசை அணிகளின் வாய்ப்பை 68 சதவீதத்துக்கு மேல் வைத்தால் அலாஸ்கா முந்துகிறது, கீழே வைத்தால் பிந்துகிறது. அதாவது பெயரைத் தேர்ந்தெடுத்ததில் பெரிய தப்பில்லை. ஒற்றைப் பெயர் கேட்டால் இன்றும் நான் அலாஸ்கா என்று சொல்லக்கூடும். தப்பு பக்கத்தில் எழுதிய சொல்லில்.

இன்னொன்றும் தெரிந்தது. அலாஸ்காவோடு விவகாரம் முடிவதில்லை. மூன்று வெளியாட்களில் இரண்டு பேராவது வென்றிருந்தால், அதற்கு வாய்ப்பு 27இல் 7, பதினான்காவது அணியும் போயிருக்கும். அதற்கும் 'உறுதி' என்றுதான் எழுதியிருந்தோம். அது தப்பித்ததால் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சரி என்று எண்ணிக்கொண்டோம்.

இந்த எட்டு வரியும் முழு உண்மை இல்லை என்று மாணவி சுட்டிக்காட்டினார். மினசோட்டா ஸ்டேட் தோற்றிருந்தால் நார்தர்ன் மிச்சிகன் ஓர் இடத்தைப் பறித்திருக்கும். ஆனால் அதே தோல்வியில் மினசோட்டா ஸ்டேட்டே வரிசையில் சரிந்து அலாஸ்காவுக்குக் கீழே போயிருக்கவும் கூடும். அப்போது கோடு ஒரு படி ஏறும், அலாஸ்காவும் ஒரு படி ஏறும். ஒரு முடிவு இடத்தையும் மாற்றும், வரிசையையும் மாற்றும். இதைப் பெருக்கல் கணக்கால் பிடிக்க முடியாது. ஒவ்வொரு விதத்துக்கும் முழு பேர்வைஸையும் மறுபடி ஓட்ட வேண்டும். 64 தடவை ஓட்ட ஒரு சாதாரண மடிக்கணினிக்குச் சில நொடிதான். காலையில் தசமப்புள்ளியைத் துரத்திய நேரத்தில் கால்வாசி இதற்குச் செலவாகியிருந்தால் போதும்.

மாற்றியது

'உறுதி' என்ற சொல்லுக்கு ஒரு வரையறை வைத்தோம்: மீதமுள்ள அத்தனை விதத்திலும் உள்ளே இருந்தால் மட்டுமே. மற்ற அணிகளுக்குப் பக்கத்தில் சொல் கிடையாது, நிபந்தனை: 'இன்னார் வென்றால் உள்ளே'. நிகழ்ச்சி நடத்துபவர் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் பழகிவிட்டார். எந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல அவருக்கும் அது வசதியாக இருந்தது. கூடுதல் நேர நெடுவரிசையை இரண்டாகப் பிரித்தோம். காலை ஒன்பதுக்குப் பிறகு நான்காவது தசமத்தைத் தொடக்கூடாது என்பது ஆசிரியர் போட்ட விதி. அதை நான் இரண்டு தடவை மீறியிருக்கிறேன். 2025–26 பருவத்தில் பேர்வைஸுக்குப் பதில் என்பிஐ என்ற முறை வந்ததும் தாளை அடியிலிருந்து எழுத வேண்டியிருந்தது, நிபந்தனை நெடுவரிசையைத் தவிர.

2024 மார்ச்சில் அதே லேக் ப்ளாசிட் மறுபடி குறுக்கே வந்தது. மாசசூசெட்ஸ் வெள்ளிக்கிழமை பாஸ்டன் காலேஜிடம் 8–1 என்று உதைபட்டுக் கோட்டின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. வரிசைக்கு வெளியே இருந்த செயின்ட் லாரன்ஸ், குவின்னிபியாக்கை வெளியேற்றிவிட்டு கார்னெலோடு மோதும் இறுதிக்கு வந்திருந்தது. எங்கள் பட்டியலில் மாசசூசெட்ஸ் பக்கத்தில் எழுதியது: 'கார்னெல் வென்றால் உள்ளே, செயின்ட் லாரன்ஸ் வென்றால் வெளியே.' நிகழ்ச்சி முடிந்ததும் இரவுப் பணி நேயர் அழைத்தார்.

"இந்த வருடம் எத்தனை ஆட்டம் நடக்க வேண்டும்?"

"ஒன்றுதான்."

கார்னெல் 3–1 என்று வென்றது. மாசசூசெட்ஸ் உள்ளே போனது. கொலராடோ காலேஜ் வெளியே நின்ற முதல் அணி.